மாடி டெஸ்க்டாப்பில் மட்டும் வைஃபை இழுக்கிறதா? புது ரவுட்டர் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

ஒரு தம்பி கேட்டிருந்தார். சுருக்கமாக அவர் பாடு இதுதான்: வீடு தக்கலைக்குப் பக்கத்தில். ஃபைபர் இணைப்பு, 100 எம்பிபிஎஸ். ரவுட்டர் கீழே ஹாலில், டிவிக்குப் பின்னால். போனில் 80, 90 என்று வருகிறது. மாடி அறையில் இருக்கும் டெஸ்க்டாப்பில் மட்டும் 5, 6. அதுவும் அரை மணிக்கொருமுறை கட் ஆகி, தானாகத் திரும்ப வரும். கேபிள்காரர் வந்து பார்த்து, "லைன்ல ஒண்ணும் இல்ல தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கடையில் கேட்டால் நாலு கொம்பு வைத்த புது ரவுட்டர் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா அண்ணா?

எடுக்காதீர்கள் தம்பி. இப்போதைக்கு வேண்டாம்.

நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்து 20 வருஷம் ஆகப்போகிறது. இதே புகாரோடு வந்து புது ரவுட்டர் வாங்கிப்போன நிறையப் பேர் மறுவாரம் அதே புகாரோடு திரும்பி வந்திருக்கிறார்கள். நெட் உங்களிடம் வந்துசேரும் பாதையில் மூன்று துண்டு இருக்கிறது. தெருக் கம்பத்திலிருந்து ரவுட்டர் வரை ஒன்று. ரவுட்டரிலிருந்து மேசை வரை காற்றில் வருவது இரண்டாவது. வந்ததை வாங்கிக்கொள்ள வேண்டிய கம்ப்யூட்டர் மூன்றாவது. எந்தத் துண்டில் கோளாறு என்று பார்க்காமல் நடுவில் இருக்கும் பெட்டியை மாற்றுவது, முழங்கால் வலிக்கு முதுகில் தைலம் தேய்க்கிற வேலை.

முதலில் உங்கள் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. போனில் 90 வந்தது எங்கே வைத்துப் பார்த்தபோது? ஹாலில் சோஃபாவில் உட்கார்ந்துதானே? டெஸ்க்டாப் இருப்பது மாடியில். இரண்டையும் ஒப்பிட முடியாது. போனை எடுத்துக்கொண்டு மாடி ஏறுங்கள். சிபியூ பெட்டி மேசைக்கு அடியில் இருந்தால் போனையும் அங்கேயே, பெட்டிக்குப் பின்னால் தரையில் வைத்து ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் போடுங்கள், மறந்துவிடுவார்கள். அங்கே போனில் 40, 50 வந்து டெஸ்க்டாப்பில் 5 என்றால் குற்றவாளி டெஸ்க்டாப். போனிலும் 5 தான் என்றால் கம்ப்யூட்டரைத் திட்டிப் பயனில்லை, சுவர்தான் காரணம். ஹாலில் ரவுட்டர் பக்கத்திலேயே போனும் தடுமாறினால் மட்டும் லைனையும் ரவுட்டரையும் சந்தேகப்படலாம். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ய வேண்டாம்.

நடுவில் ஒன்று. 100 எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு 100 மெகாபிட். ஒரு பைட்டுக்கு 8 பிட். ஆகவே ஃபைல் இறங்கும்போது திரையில் விநாடிக்கு 12 மெகாபைட் என்று காட்டினால் அது குறைவு அல்ல, முழு வேகம். "நூறுக்குக் காசு கட்டுறேன், பன்னிரண்டுதான் வருது" என்று கேபிள்காரரிடம் சண்டை போட்டுவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. நீங்கள் சொன்ன 5, 6 எதில் பார்த்தது என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்பீட் டெஸ்டில் என்றால் நிஜமாகவே குறைவு.

வேகம் ஒரு பக்கம், கட் ஆவது இன்னொரு பக்கம். கட் ஆவதைப் பிடிக்க என் கடையில் நான் முதலில் செய்வது பிங். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புப் பெட்டியைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று தட்டினால் டிஃபால்ட் கேட்வே என்று ஒரு எண் வரும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதுதான் உங்கள் ரவுட்டரின் விலாசம். பிங் என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு அந்த எண், மறுபடி ஒரு இடைவெளி, அப்புறம் ஒரு சிறு கோடும் டி எழுத்தும் (ping 192.168.1.1 -t என்கிற மாதிரி). எண்டர். இனி நீங்கள் நிறுத்தும் வரை விநாடிக்கு ஒருமுறை கம்ப்யூட்டர் ரவுட்டரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். இன்னொரு கறுப்புப் பெட்டி திறந்து அதே மாதிரி 8.8.8.8 என்ற எண்ணுக்கு அடியுங்கள். அது கூகுளின் சர்வர், உங்கள் வீட்டுக்கு வெளியே இருப்பது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

கட் ஆகும் அந்த நிமிஷத்தில் இரண்டு பெட்டியையும் பாருங்கள். ரவுட்டருக்கான பதில் 2, 3 மில்லிசெகண்டில் ஒழுங்காக வந்துகொண்டிருக்க, வெளியே போவது மட்டும் ரிக்வெஸ்ட் டைம்டு அவுட் என்று நின்றால் காற்றில் கோளாறு இல்லை. ரவுட்டருக்கு வெளியே, லைனில் கோளாறு. கேபிள்காரரைத் தைரியமாகக் கூப்பிடலாம், அந்தத் திரையை போட்டோ எடுத்து அவருக்கே அனுப்பலாம். ரவுட்டருக்குப் போகும் பிங்கே 3, 4, 280, 600, டைம்டு அவுட் என்று குதித்தால் லைனைக் குறை சொல்லாதீர்கள். கோளாறு உங்கள் வீட்டுக்குள், கீழ் ஹாலுக்கும் மாடி அறைக்கும் நடுவில். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் இந்த இரண்டாவது வகையாகத்தான் எனக்குப் படுகிறது. போன் கட் ஆகவில்லையே.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். இங்கேதான் நிறைய விஷயம் இருக்கிறது.

லேப்டாப்பில் வைஃபை ஆன்டெனா திரையைச் சுற்றி மேலே ஓடும். போனில் விளிம்பில் இருக்கும். டெஸ்க்டாப்பில்? தகரப் பெட்டிக்குப் பின்புறம், மேசைக்கு அடியில், சுவரைப் பார்த்தபடி. ரவுட்டர் கூப்பிடுவது காதில் விழாத இடமாகப் பார்த்து நாமே கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். பெட்டிக்குள் வைஃபை கார்டு போட்டிருந்தால் முதலில் பின்னால் குனிந்து பாருங்கள், இரண்டு ஆன்டெனாவும் திருகி மாட்டியிருக்கிறதா என்று. சிரிக்காதீர்கள். மதர்போர்டு பெட்டியோடு வரும் அந்த ஆன்டெனாக்கள் அட்டைப்பெட்டிக்குள்ளேயே பரணில் கிடக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஆன்டெனா இல்லாமலும் வைஃபை பிடிக்கும், பக்கத்தில் ரவுட்டர் இருந்தால் நன்றாகவே பிடிக்கும். மாடிக்குப் போனதும் குட்டு வெளிப்படும்.

கார்டு இல்லாமல் யூஎஸ்பி துவாரத்தில் சொருகும் வைஃபை டாங்கிள் என்றால் கதை வேறு. நகம் அளவுக்கு இருக்குமே, 150 என்று எழுதிய குட்டி டாங்கிள், அது 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைப்பட்டையை மட்டும்தான் பார்க்கும், 5 என்ற வேகப் பட்டையைப் பார்க்காது, உள்ளே ஒரே ஒரு ஆன்டெனா, அதுவும் அரிசி மணி அளவில். 150 என்பது இரண்டு சேனலை, அதாவது பட்டைக்குள் இருக்கும் இரண்டு தடத்தை, சேர்த்துப் பிடித்தால் கிடைக்கும் காகிதக் கணக்கு. சாதாரணமாக ஒரு சேனலில் 72 தான் இணைப்பு வேகம், அதில் பாதி கையில் கிடைத்தால் நல்லது. வீட்டு இணைப்பு 100 ஆனாலும் 300 ஆனாலும் இந்த டாங்கிள் வழியாக 30, 40க்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ரவுட்டர் வைஃபை 6 என்ற புதிய தலைமுறை என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் டாங்கிள் பழைய தலைமுறை வைஃபை 4 என்றால் பேச்சு வைஃபை 4இல்தான் நடக்கும்.

திங்கள்சந்தைப் பக்கம் ஒரு வீட்டில் நடந்தது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெண். காலையில் நெட் நன்றாக இருக்கும், வேலையை பேக்கப் எடுக்க வெளி ஹார்ட் டிஸ்க்கைச் சொருகினால் மீட்டிங்கில் குரல் உடையும். அவர் ஹார்ட் டிஸ்க்கில் வைரஸ் என்றே முடிவு கட்டியிருந்தார். குனிந்து பார்த்தேன். பின்பக்கம் இரண்டு நீல யூஎஸ்பி துவாரம், அதாவது யூஎஸ்பி 3, ஒன்றில் டாங்கிள், அதை ஒட்டி அடுத்ததில் ஹார்ட் டிஸ்க். விஷயம் இதுதான்: யூஎஸ்பி 3 இல் தரவு ஓடும்போது அந்தத் துவாரமும் கேபிளும் கசியவிடும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலேயே வந்து விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012இல் இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. டாங்கிளுக்கு ஒரு விரல் தூரத்தில் அந்த இரைச்சல் என்றால், மாடி தாண்டி வரும் ரவுட்டரின் முனகல் எங்கே கேட்கும்? ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, முன்பக்கத்துக் கறுப்புத் துவாரத்தில் சொருகி, டாங்கிளை மேசைக்கு மேலே மானிட்டர் ஓரத்தில் செலோடேப் போட்டு ஒட்டினேன். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஹார்ட் டிஸ்க் ஓடினாலும் குரல் உடையவில்லை. உங்களிடம் இருப்பது டாங்கிள் என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். காசு குறைவு, பலன் அதிகம்.

அரை மணிக்கொருமுறை கட் ஆவதற்கு அடுத்த சந்தேகம் விண்டோஸின் சிக்கன புத்தி. மின்சாரம் மிச்சப்படுத்துகிறேன் என்று வைஃபை அடாப்டரைத் தூங்கவைத்துவிடும், சில சமயம் எழுப்பத் தெரியாது. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியில் உங்கள் வைஃபை பெயரை இரண்டு முறை தட்டினால் பவர் மேனேஜ்மென்ட் என்று ஒரு தாவல் இருக்கும். அதில் மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற வரிக்கு முன் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். பவர் ஆப்ஷன்ஸுக்குள் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்று ஒன்று இருக்கும், அதையும் அணையுங்கள். டெஸ்க்டாப்புக்கு இந்தச் சிக்கனம் தேவையே இல்லை. இதனால் ஏறும் கரண்ட் பில்லை உங்களால் கண்டுபிடிக்கக்கூட முடியாது.

டிரைவர் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இணையத்தில் கிடைக்கும் "எல்லா டிரைவரையும் ஒரே தட்டில் புதுப்பிக்கும்" மென்பொருள் எதையும் போடாதீர்கள். கார்டோ டாங்கிளோ செய்த நிறுவனத்தின் தளத்தில் மாடல் எண்ணைத் தேடி எடுங்கள். விண்டோஸ் அப்டேட்டுக்கு அடுத்த நாளிலிருந்துதான் தகராறு ஆரம்பித்தது என்றால் ரோல் பேக் டிரைவர் என்ற பொத்தான் அதே இடத்தில் இருக்கிறது, பழையதற்குத் திரும்பிவிடலாம். பின்னணியில் அப்டேட்டோ ஒன்டிரைவோ இறங்கிக்கொண்டிருந்தாலும் நெட் இழுக்கும். டாஸ்க் மேனேஜரில் நெட்வொர்க் என்ற பத்தியைத் தட்டினால் யார் தின்கிறார்கள் என்று மேலே வந்து நிற்கும்.

இப்போது வீட்டைப் பார்ப்போம். நம் மாவட்டத்து வீடுகளுக்கும் வைஃபைக்கும் ஜென்மப் பகை. நிறைய இடத்தில் பின்னால் ஓடு போட்ட பழைய வீடு, அதன் கல்சுவர் ஒன்றரை அடி கனம், முன்னால் பிற்பாடு எடுத்த கான்கிரீட், அதற்கு மேலே மாடி, அதற்கும் மேலே மழைக்குத் தகர ஷீட். மார்த்தாண்டத்துக்கு மேற்கே போனால் வெட்டுக்கல் சுவர். மர வாசல், செங்கல் சுவர் என்றால் அலை ஓரளவு தாண்டும். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் பெரும்பகுதியை விழுங்கும், தகரம் அறவே விடாது. உங்கள் மாடி அறையே ஷீட் போட்டு, பக்கமும் ஷீட்டால் அடைத்தது என்றால் அது வைஃபைக்கு மூடிய தகர டப்பா மாதிரி, உள்ளே வர வழி கிடையாது. தண்ணீர்த் தொட்டி, கண்ணாடி பதித்த இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ் மூன்றும் குறுக்கே நின்றால் சுவருக்குச் சமம்.

ரவுட்டர் டிவிக்குப் பின்னால் என்று சொன்னீர்கள். அங்கிருந்து அதை விடுதலை செய்யுங்கள். டிவியின் பின்பக்கம் பெரிய உலோகத் தகடு. கேபிள்காரர் ஒயர் நுழைந்த இடத்திலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போவார், அவருக்கு அதுதான் சுலபம். மாடிப்படி எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கம், ஆள் உயரத்துக்கு மேலே வைக்கச் சொல்லுங்கள். படிக்கட்டுத் திறப்பு கான்கிரீட்டில் இருக்கும் ஒரே ஓட்டை. அலை அதன் வழியாகத்தான் மாடிக்கு வரும். கூடுதலாக ஐந்தாறு மீட்டர் ஃபைபர் கேட்டால் பெரிதாக ஒன்றும் வாங்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கண்ணாடி நூலை மூலையில் கூர்மையாக மடிக்க விடாதீர்கள், மடித்தால் வெளிச்சம் வழியிலேயே கசிந்துவிடும்.

விண்டோஸ் செட்டிங்ஸில் வைஃபை பெயருக்குள் போனால் பிராப்பர்ட்டிஸ் பக்கத்தில் நெட்வொர்க் பேண்ட், சேனல், லிங்க் ஸ்பீட் மூன்றும் எழுதியிருக்கும். பேண்ட் 2.4 என்று காட்டுகிறதா 5 என்று காட்டுகிறதா பாருங்கள். 2.4 என்பது மார்த்தாண்டம் சந்திப்பின் கீழ்ச் சாலை. எல்லா இடத்துக்கும் போகும், ஆனால் பஸ், ஆட்டோ, மீன் வண்டி எல்லாம் அதில்தான். 5 என்பது மேலே போகும் பாலம். ஏறிவிட்டால் பறக்கலாம், ஆனால் பாலம் எட்டும் தூரம் குறைவு. 5 சுவரைத் தாண்டுவதில் நோஞ்சான். ரவுட்டர் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் பல சமயம் டெஸ்க்டாப் 2.4ஐப் பிடித்துக்கொண்டு விடாது. பிரவுசரில் அந்த கேட்வே எண்ணைத் தட்டினால் வரும் ரவுட்டர் பக்கத்துக்குள் போய் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வையுங்கள். 5இல் மாடியில் நிலையாக நிற்கிறது என்றால் அங்கேயே வையுங்கள். போனில் 5 தெரிகிறது, கம்ப்யூட்டரில் அந்தப் பெயரே வரவில்லை என்றால், டாங்கிள் 5 பார்க்காத வகையாக இருக்கலாம், அல்லது ரவுட்டர் எடுத்திருக்கும் சேனல் அதற்குத் தெரியாததாக இருக்கலாம். ரவுட்டரில் சேனலை ஆட்டோவிலிருந்து எடுத்து 36 என்று வைத்துப் பாருங்கள்.

2.4இல் 1, 6, 11 மூன்று சேனல்கள்தான் ஒன்றோடொன்று உரசாதவை. வடசேரி, கோட்டாறு மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் இந்த மூன்றில் காலியானது எது என்று போனில் வைஃபை அனலைசர் செயலி போட்டுப் பார்த்து மாற்றினால் வித்தியாசம் தெரியும். உங்கள் வீடு தோப்புக்கு நடுவே, அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில் என்றால் சேனல் மாற்றுவதில் நேரத்தைக் கழிக்க வேண்டாம். இணையத்தில் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான், நான் கடைசியில் சொல்வது இதைத்தான். அதே செட்டிங்கில் செக்யூரிட்டி டிகேஐபி (TKIP) என்ற பழைய பூட்டு முறையில் இருந்தால் ஏஇஎஸ்-க்கு (AES) மாற்றுங்கள். டிகேஐபி இருக்கும் வரை இணைப்பு வேகம் 54ஐத் தாண்டாது.

நெரிசலுக்கு அண்டை வீடு வேண்டியதில்லை, சொந்த வீடே போதும். கருங்கல் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். மகன் துபாயில். வீட்டைப் பார்த்துக்கொள்ள நாலு வைஃபை கேமரா. ஒன்று வாசலில், ஒன்று கேட்டில், இரண்டு பின்னால். அப்பாவுக்கு நெட் இழுக்கிறது என்று புகார். நாலு கேமராவும் 2.4இல், இரவு பகலாகப் படம் அனுப்பிக்கொண்டிருந்தன. வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஒரே மைக், வரிசையில் நின்று பேசுகிற கூட்டம். கேட்டில் இருந்த கேமராவுக்கு சிக்னல் போதாமல் அது மெதுவாக, இழுத்து இழுத்துப் பேசும். அது பேசி முடிக்கும் வரை பக்கத்தில் இருக்கும் வேகமான கம்ப்யூட்டரும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். அளவில் அந்த கேமரா அனுப்புவது கொஞ்சம்தான், எடுத்துக்கொள்ளும் நேரம்தான் அதிகம். வீட்டில் பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடந்தது. அதை வாசல் பக்கம் லேன் கேபிள் இழுத்து வைத்து, வேறு சேனலில் கேமராக்களை அதில் கட்டினேன். கம்ப்யூட்டரை 5க்கு மாற்றினேன். உங்கள் வீட்டில் கேமரா இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் ஒரு மணி நேரம் அணைத்துவைத்துப் பாருங்கள்.

புளூடூத் ஹெட்செட்டும் 2.4இல்தான் ஓடும். கார்டு ஒன்றே இரண்டையும் பார்க்கும், ஆன்டெனாவும் பொது. ஹெட்செட் போட்டால் மட்டும் நெட் தடுமாறுகிறது என்றால் காரணம் அதுதான். மைக்ரோவேவ் ஓவனும் அதே பட்டை, ஆனால் சாப்பாடு சூடாகும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் அதன்மேல் பழிபோட முடியாது.

லைன் பக்கம் பிங் கை காட்டினால் என்ன பார்ப்பது? ஃபைபர் பெட்டியில் பான் (PON) என்று எழுதிய விளக்கு பச்சையாக நிலைத்து நிற்க வேண்டும். லாஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் வெளிச்சமே வந்து சேரவில்லை. நமக்கு இரண்டு மழைக்காலம், வீட்டுக்கு வீடு தென்னை, கம்பம் கம்பமாகத் தொங்கி வரும் கேபிள். ஓலை விழுந்து நூல் நசுங்குவது, ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழிப் பக்கம் கேபிள் ஆடி ஆடி ஜாயின்ட் தளர்வது எல்லாம் வழக்கம்தான். அறுந்துபோனால் யாருக்கும் தெரியும். நசுங்கினால்தான் தொல்லை. பாதி வெளிச்சம் வரும், விளக்கு பச்சையாகவே இருக்கும், மழை வந்தால் மட்டும் கட் ஆகும். ரவுட்டர் பக்கத்துக்குள் ஆப்டிக்கல் பவர், ஆர்எக்ஸ் பவர் என்று ஒரு அளவு இருக்கும். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐத் தொட்டால் விளிம்பில் நிற்கிறது என்று அர்த்தம். "லைன்ல ஒண்ணும் இல்ல" என்று அடுத்தமுறை சொன்னால் இந்த எண்ணைக் கேளுங்கள். கேட்கிற ஆளிடம் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

அதே பக்கத்தில் அப்டைம் என்றும் ஒன்று இருக்கும், ரவுட்டர் எழுந்து எவ்வளவு நேரம் ஆகிறது என்ற கணக்கு. நீங்கள் ஒரு வாரமாக அணைக்கவே இல்லை, அது 20 நிமிடம் என்று காட்டுகிறது என்றால் ரவுட்டர் தானாகச் செத்துச் செத்துப் பிழைக்கிறது. ரவுட்டரைக் குறைசொல்லும் முன் அதற்குக் கரண்ட் தரும் அடாப்டரைப் பாருங்கள். பழையது கெட்டு, செட்டாப் பாக்ஸ் அடாப்டரை எடுத்துச் சொருகியிருப்பார்கள். முனை பொருந்தும், வோல்ட்டும் 12 என்றே எழுதியிருக்கும், ஆனால் ரவுட்டர் 1 ஆம்பியர் கேட்க இது அரை ஆம்பியர்தான் தரும். நாலு பேர் ஒன்றாக வீடியோ பார்க்கும்போது ரவுட்டர் மயக்கம் போட்டு விழும். ரவுட்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட் அப்படியே வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது.

இவ்வளவும் எழுதினாலும் என் சொந்த அபிப்பிராயம் ஒன்றுதான் தம்பி. நடமாடாத பொருளுக்கு வைஃபை எதற்கு? போன் நடமாடும், லேப்டாப் நடமாடும். டெஸ்க்டாப் வாங்கின நாளிலிருந்து ஒரே மூலையில் இருக்கிறது. அதற்கு ஒரு ஒயர் இழுத்துவிட்டால் மேலே சொன்ன சுவர், கேமரா, டாங்கிள், சேனல் எதுவும் உங்கள் பிரச்சினை இல்லை. கேட் 6 லேன் கேபிள் 100 மீட்டர் வரை சேதமில்லாமல் போகும். உங்கள் ஹாலிலிருந்து மாடி அறைக்கு 20 மீட்டர் இருந்தால் அதிகம். வாங்கும்போது முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது பாதி விலையில் கிடைக்கும், வளைத்தால் உள்ளே முறியும். கரண்ட் ஒயர் போகும் பைப்புக்குள் இதைச் சேர்த்துத் திணிக்க எலக்ட்ரீஷியனை விடாதீர்கள். தனிப் பைப்பு, அல்லது சுவரோரம் பிளாஸ்டிக் பட்டி. எட்டு கம்பியும் சேர்த்து ஜாக் அடிக்கச் சொல்லுங்கள். நாலு கம்பி மட்டும் அடித்தாலும் நெட் வரும், ஆனால் 100க்கு மேல் ஏறாது. குளச்சல், முட்டம் மாதிரி கடலோரம் என்றால் உப்புக் காற்றில் ஜாக் முனை பச்சை பிடிக்கும், வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒயர் இழுக்க வீட்டில் சம்மதம் கிடைக்காது, புதிதாக டைல்ஸ் ஒட்டிய சுவர் என்றால், இரண்டு பட்டையும் பிடிக்கும், ஒயரோடு மேசைமேல் வைக்கிற ஆன்டெனா உள்ள நல்ல வைஃபை கார்டு ஒன்று போடுங்கள். அதற்கும் எட்டாவிட்டால் மெஷ், அதாவது ஒன்றோடொன்று பேசிக்கொண்டு வீடு முழுக்க ஒரே வைஃபை தரும் இரண்டு மூன்று பெட்டிகள். பாதி வழியில் பிளக்கில் சொருகும் மலிவு ரிப்பீட்டர் வேண்டாம். ஒரே பட்டையில் வாங்கி அதே பட்டையில் கொடுப்பதால் வேகம் பாதியாகிவிடும். பெரும்பாலானவர்கள் அதை சிக்னல் செத்துப்போன அறையிலேயே சொருகுகிறார்கள். அதற்கே கேட்காதபோது அது உங்களுக்கு என்ன சொல்லும்? புது ரவுட்டர் எப்போது வாங்கலாம் என்றால், இப்போதிருப்பது 2.4 மட்டுமே தரும் பழையது என்றால், அல்லது அடாப்டர் மாற்றியும் ரவுட்டர் தானாக அணைந்து எழுவது நிற்கவில்லை என்றால்.

ஒயர் இழுப்பவர்களுக்கு நம் ஊரில் ஒரு எச்சரிக்கை உண்டு. இதை நான் என் காசில் படித்தேன். வீட்டுக்கும் கடைக்கும் நடுவே 40 மீட்டர், ஒரு தென்னையைத் தொட்டு லேன் கேபிளை வெளியே தொங்கவிட்டிருந்தேன். இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஐப்பசி சாயங்காலம் இடி. மின்னல் என் வீட்டில் விழவில்லை, தெருக்கோடியில் எங்கோ விழுந்தது. கடையில் நெட்வொர்க் சுவிட்ச்சின் நாலு போர்ட், வீட்டில் ரவுட்டர், ஒரு கம்ப்யூட்டரின் லேன் போர்ட் எல்லாம் ஒரே நொடியில் போயின. எரிந்த வாடைகூட இல்லை, விளக்கு மட்டும் எரியவில்லை. செம்பு ஒயர் திறந்தவெளியில் நீளமாகத் தொங்கினால், பக்கத்தில் விழும் மின்னலே அதில் பாய்ச்சல் உண்டாக்கப் போதும். இப்போது அதே இடத்தில் ஃபைபரும், இரண்டு பக்கமும் வெளிச்சத்தை லேன் சிக்னலாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டரும்தான். நீங்கள் ஒரே வீட்டுக்குள் இழுப்பதால் இவ்வளவு பயம் வேண்டாம். வெளிச்சுவரில் ஏற்றி மாடிக்குக் கொண்டுபோகாமல் படிக்கட்டு வழியாக உள்ளேயே கொண்டுபோங்கள், அது போதும்.

வானம் இருண்டு இடி வரும்போல் தெரிந்ததுமே, இடி கேட்கும் முன்பே, ரவுட்டர் அடாப்டரையும் கம்ப்யூட்டர் பிளக்கையும் பிடுங்கி வெளியே எடுத்துவிடுங்கள். இடி கேட்க ஆரம்பித்தபின் எந்த ஒயரையும் தொட வேண்டாம். சுவிட்சை அணைப்பது போதாது, அது ஒரு கம்பியைத்தான் பிரிக்கும், அந்தச் சிறு இடைவெளி மின்னலுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஃபைபர் கண்ணாடிதானே, அதற்கென்ன என்று கேட்பீர்கள். நூல் கண்ணாடிதான். ஆனால் தெருவிலிருந்து வரும் கேபிளில் அதைத் தாங்க இரும்புக் கம்பி ஒன்று கூடவே வருவதுண்டு. அடுத்தமுறை கேபிள்காரர் வரும்போது, அந்தக் கம்பியை வாசலுக்கு வெளியிலேயே நறுக்கிவிட்டாரா, ரவுட்டர் வரை கொண்டுவந்துவிட்டாரா என்று பார்க்கச் சொல்லுங்கள்.